காற்றின் கணக்கும் கொழுந்தின் கணக்கும்: கதிரியக்கப் பரவல் ஆய்வுகள் பற்றிய ஒரு திணைநோக்கு

விஞ்ஞான ஆய்வுரைகளை இலக்கியத் திறனாய்வின் அளவுகோல் கொண்டு நோக்குதல் பொருந்துமா என்னும் ஐயம் எழுதல் இயல்பே. ஆயினும், எந்த ஆய்வுரையும் ஒரு நிலத்தை எடுத்துக்கொள்கிறது. ஒரு பொழுதை எடுத்துக்கொள்கிறது. அந்நிலத்தில் உண்டு, உழைத்து, உறங்கும் ஒரு மனிதனைப் பெயர் சுட்டியோ சுட்டாமலோ முன்னிறுத்துகிறது. இம்மூன்றையும் பிரித்தறிந்து நோக்குவதற்குரிய கருவி தமிழில் நெடுங்காலமாகவே உண்டு. நிலமும் பொழுதும் முதற்பொருள். உணா, மரம், செய்தி என்னும் தொழில் முதலியன கருப்பொருள். மாந்தர்தம் ஒழுக்கம் உரிப்பொருள். க. கைலாசபதி, கா. சிவத்தம்பி ஆகியோர் திணைமரபினைச் சமூகப் பொருளாதார அடித்தளத்தோடு இணைத்து ஆராய்ந்த பின்னர், அது செய்யுளுக்கு மட்டும் உரிய இலக்கணம் என்று ஒதுக்கிவிடுதல் இயலாதாயிற்று. நிலத்தை விட்டு மனிதனைப் பேசலாகாது என்பதே அம்மரபின் சாரமாகும்.

கதிரியக்கப் பொருள் வளிமண்டலத்தில் எவ்வாறு பரவுகிறது என்பது பற்றிய ஆய்வுகள் ஒரு நூற்றாண்டு வரலாற்றை உடையவை. அவற்றின் கணித நுட்பம் வியக்கத்தக்கது. ஆயினும் அவை எந்த நிலத்தில் நின்று எழுதப்பட்டன, யாரைக் கருதி எழுதப்பட்டன என்னும் வினாக்களை இலங்கை மலையகத்தின் திம்புள்ளப் பகுதியில் நின்று எழுப்பும்போது, சில இடைவெளிகள் துலக்கமாகத் தெரிகின்றன. அவ்விடைவெளிகளைச் சுட்டி, அவை எங்ஙனம் நிரப்பப்படலாம் என்பதை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காற்று உருவாக்கிய மலைநாடு

இவ்வாராய்ச்சிக்குத் திம்புள்ளவைத் தெரிவுசெய்வது தற்செயலானதன்று. கொட்டகலை, பத்தனை, தலவாக்கலை, லிந்துலை, அக்கரப்பத்தனை என விரியும் இப்பிரதேசத்தின் வரலாற்றைத் திருப்பியமைத்ததே காற்றில் மிதந்து வந்த ஒரு நுண்பொருள்தான். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இம்மலைகளிற் செழித்திருந்தது கோப்பி. 1869இல் இலங்கையில் முதன்முதலாக அறியப்பட்ட கோப்பித் துருநோய், அடுத்த இரு தசாப்தங்களுள் அப்பெருந்தொழிலையே சாய்த்தது. 1880 முதல் 1882 வரை இலங்கையில் தங்கி அந்நோயை ஆராய்ந்த ஹரி மார்ஷல் வார்ட், தோட்டங்களிற் கண்ணாடித் தகடுகளை வைத்து, காற்றில் வரும் வித்திகளை அவற்றிற் படியச்செய்து நோக்கினார். நோய் காற்றுவழி பரவுகிறது என்பதும், மலைக்கு மலை இடைவெளியின்றி ஒரே பயிரை நட்டமை அப்பரவலுக்கு வாய்ப்பளித்தது என்பதும் அதனாற் புலப்பட்டன. கோப்பி வீழ்ந்த இடத்திலேயே தேயிலை எழுந்தது. தென்னிந்தியாவினின்றும் பருவகாலத்துக்கு வந்து மீண்ட கோப்பித் தொழிலாளரின் இடத்தில், ஆண்டு முழுவதும் லயங்களில் நிலைகொள்ளும் குடும்பங்கள் வேண்டப்பட்டன. இன்று மலையகத் தமிழர் எனப்படும் சமூகம் இம்மலைகளில் வேரூன்றியமைக்கு அந்நுண்வித்தியும் ஒரு காரணம் எனின் அது மிகையாகாது.

1946இல் வரலாறு மீண்டும் ஒருமுறை தன்னைக் காட்டிற்று. தேயிலைக் கொழுந்தைத் தாக்கும் கொப்புள நோய் அவ்வாண்டில் இலங்கையை அடைந்தது. அதன் வித்திகளும் காற்றில் வருவனவே. இம்முறை எதிர்கொள்ள ஒரு நிறுவனம் இருந்தது. 1925இல் தோற்றுவிக்கப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம் பின்னர்த் தலவாக்கலை சென். கூம்ஸ் தோட்டத்தில் நிலைகொண்டது. அஃதாவது, நோய் தாக்கும் மலைகளின் நடுவிலேயே ஆய்வுகூடம் அமைந்திருந்தது. 1961இல் விஸ்ஸர், சண்முகநாதன், சபாநாயகம் ஆகிய மூவரும் வெளியிட்ட ஆய்வு, சூரிய ஒளியும் மழையும் இந்நோயை எவ்வாறு கட்டுப்படுத்துகின்றன என்பதனை எடுத்துக்கொண்டது. வித்தி எங்கிருந்து வந்தது என்பதோடு அவ்வாய்வு மரபு நின்றுவிடவில்லை. இலை எத்தனை நேரம் நனைந்திருந்தது, நாளொன்றுக்கு எத்தனை மணித்தியாலம் வெயில் விழுந்தது, கவ்வாத்துக்குப் பின் தளிர்க்கும் செடி எத்துணை எளிதில் நோய்ப்படுகிறது என்பனவெல்லாம் அதன் வினாக்களாயின. காற்றில் வரும் பொருளின் கதை அது இறங்கும் இடத்திலேயே முடிவாகிறது என்பதை அம்மரபு உணர்ந்திருந்தது. கதிரியக்கப் பரவல் ஆய்வுகளை மதிப்பிடுவதற்கு இதனையே உரைகல்லாகக் கொள்ளலாம்.

முதற்பொருள்: சமநிலமும் மலைநிலமும்

வளிமண்டலப் பரவல் பற்றிய கோட்பாட்டின் தொடக்கம் அணுவுக்கு முந்தியது. 1921இல் ஜி. ஐ. டெய்லர், கலங்கியோடும் காற்றில் ஒரு துணிக்கை எவ்வாறு அலைந்து விலகுகிறது என்பதற்குக் கணித வடிவம் தந்தார். 1926இல் லூயிஸ் ஃபிரை ரிச்சர்ட்சன், புகைத்திரள் விரிய விரிய அது பரவும் வேகமும் பெருகுகிறது என்று காட்டினார். போரை மறுத்த குவேக்கரான ரிச்சர்ட்சன், வானிலைப் பணியகம் விமானப்படை அமைச்சின் கீழ் வந்ததும் 1920இல் அப்பதவியைத் துறந்தவர் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. காற்றின் போக்கை அறியும் அறிவு யாருக்குப் பயன்படும் என்ற வினா இத்துறையின் பிறப்போடு பிறந்ததாகும்.

அணுவாயுதங்களும் அணுவுலைகளும் தோன்றிய பின்னர் இக்கணிதம் நடைமுறைத் தேவையாயிற்று. 1956இல் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், ஓ'நீல் என்னும் ஊருக்கு அண்மையிலுள்ள பரந்த புல்வெளியில் ஒரு வாயுவை வெளியிட்டு, 800 மீற்றர் தூரம் வரை அதன் செறிவை அளந்தனர். பிரித்தானியரான ஃபிராங்க் பாஸ்கில், 1961இல் வளிமண்டலத்தின் உறுதிநிலையை ஆறு வகுப்புகளாகப் பிரித்து, காற்றின் வேகமும் வெயிலும் முகிலும் தெரிந்தாற் பரவலை மதிப்பிடத்தக்க எளிய முறையொன்றை வழங்கினார். உலகெங்கும் அணுவுலை அமைப்போர் பல தசாப்தங்களாகக் கையாண்ட முறை இதுவே.

சமநிலத்திற் சோதனை தொடங்கியமை குற்றமன்று. சிக்கலானதை அறிய எளியதிலிருந்து தொடங்குவதே அறிவியலின் முறைமை. அச்சமநிலத்து எண்கள் மலைநிலத்துக்கும் பெயர்த்துச் செல்லப்பட்டபோதே தவறு நேர்ந்தது. திம்புள்ளவின் பொழுதுகளை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். தை, மாசி மாதங்களின் தெளிந்த இரவுகளிற் குளிர்காற்று சரிவுகளில் இறங்கிப் பள்ளத்தாக்கிலே தேங்குகிறது. அதிகாலையில் லயத்து அடுப்புப் புகை மேலெழாமற் கூரைகளுக்குச் சற்றே மேலாக ஒரு போர்வைபோற் படர்ந்து கிடப்பதை அங்கு வாழ்வோர் அனைவரும் அறிவர். வெயில் ஏறியபின் அதே புகை மலைமுகட்டை நோக்கி ஏறிச் செல்லும். ஆனி, ஆடியில் நிலைமை முற்றிலும் வேறு. இந்து சமுத்திரத்தின் மேலாக வரும் தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவில் மோதி உயர்ந்து, குளிர்ந்து, நாட்கணக்கில் மழையாகப் பொழிகிறது. ஒரே பள்ளத்தாக்கு, ஒரே ஆண்டில், இரு வேறு வளிமண்டலங்களைக் கொண்டிருக்கிறது.

நிலவேறுபாடும் இத்தகையதே. வட்டவளையில் ஆண்டு மழை 5,000 மில்லிமீற்றரை மிஞ்சும். அங்கிருந்து நேர்கோட்டில் 30 கிலோமீற்றருக்கும் குறைவான தூரத்திலுள்ள நுவரெலியாவில் அது ஏறத்தாழ 2,000 மில்லிமீற்றர். ஐம்பது கிலோமீற்றர்ப் பக்கமுள்ள சதுரங்களாகப் பூமியைப் பகுத்துக் கணிக்கும் ஓர் உலகளாவிய மாதிரியில், வட்டவளையும் ஹற்றனும் தலவாக்கலையும் நுவரெலியாவும் ஒரே சதுரத்துள் அடங்கிவிடலாம். அச்சதுரத்துக்கு ஒரு சராசரி உயரமும் ஒரு சராசரி மழையும் வழங்கப்படும். அச்சராசரி மழை வட்டவளையிலும் பெய்வதில்லை, நுவரெலியாவிலும் பெய்வதில்லை.

மழையின் பங்கு இத்துறையில் எளிதாக நினைக்கத்தக்கதன்று. முகிலிலுள்ள நீர்த்துளிகள் கதிரியக்கத் தூசைத் தம்முட் கொண்டிருக்கும். உயரத்து முகிலிலிருந்து விழும் மழை, மலைமுகட்டை மூடிய தாழ்முகிலினூடே வரும்போது, அதன் நுண்துளிகளையும் வாரிக்கொண்டு இறங்குகிறது. எனவே மலையில் மழை மிகுவது மட்டுமன்றி, அம்மழையொடு வரும் வீழ்தூசும் மிகுகிறது. 1986 ஏப்ரல் 26இல் செர்னோபில் அணுவுலை வெடித்துச் சில நாட்களின் பின், பிரித்தானியாவின் கம்பிரியா, வட வேல்ஸ் மலைப்பகுதிகளில் நிகழ்ந்தது இதுவே. அத்தூசுத்திரள் அவற்றைக் கடந்த வேளையிற் பெருமழை பெய்தது. 2,000 கிலோமீற்றருக்கும் அப்பால் நிகழ்ந்த விபத்தின் சீசியம், மலைப்புல்லில் இறங்கிற்று.

பின்னர் நடந்தது இன்னும் கவனத்துக்குரியது. ஆடுகளை விற்பதற்கு விதிக்கப்பட்ட தடை மூன்று வாரங்களில் நீங்கிவிடும் என்று முதலில் அறிவிக்கப்பட்டது. தாழ்நிலக் களிமண் சீசியத்தை இறுகப் பற்றிக்கொண்டு புல்லுக்குத் தராது என்னும் அறிவின்மீது அக்கணிப்பு நின்றது. மலையிலிருந்ததோ களிமண்ணன்று, மட்கிய தாவரப்பொருள் மிகுந்த மண். அது சீசியத்தைப் பிணிக்காமல் ஆண்டுதோறும் புல்லுக்கு வழங்கிக்கொண்டேயிருந்தது. மூன்று வாரத் தடையின் இறுதி எச்சம் 2012இலேயே நீங்கியது. இவ்விவகாரத்தை ஆராய்ந்த சமூகவியலாளர் பிரையன் வின், மலை மேய்ச்சலைப் பற்றி ஆட்டுப்பண்ணையாளர் கொண்டிருந்த அறிவை நிபுணர் பொருட்படுத்தாமையும், தம் கணிப்பின் உறுதியின்மையை வெளிப்படையாக ஒப்புக்கொள்ளாமையும் அறிவியலின்மீதே அவநம்பிக்கையை விளைத்தன என்று காட்டினார். பிழை கணிதத்தில் நேரவில்லை, முதற்பொருளிலேயே நேர்ந்தது.

கருப்பொருள்: உணாவும் செய்தியும்

பரவல் ஆய்வுகள் உணவை நோக்கித் திரும்பியதும் விபத்துகளின் பின்னரே. 1957 ஒக்டோபரில் பிரித்தானியாவின் விண்ட்ஸ்கேல் உலையில் தீப்பற்றியபோது, மூச்சில் ஏறிய அளவைவிடப் பாலில் ஏறிய அயடீன் 131 பெரிதென்பது தெரியவந்தது. ஏறத்தாழ 500 சதுர கிலோமீற்றர்ப் பரப்பிற் பால் தடைசெய்யப்பட்டது. அதன்பின் காற்று, புல், பசு, பால், குழந்தை என்னும் தொடர் ஆய்வு நூல்களில் நிலைபெற்றது. அது பயன்மிக்க அறிவு. ஆயினும் அது மேய்ச்சல் நிலத்தின் கருப்பொருள். தேயிலை மலையின் கருப்பொருளன்று.

தேயிலை இவ்வாராய்ச்சியில் இடம்பெறாத பயிர் என்றும் கூறுதற்கில்லை. இருமுறை அது பெருஞ் சோதனைக்கு உட்பட்டது. செர்னோபில் விபத்தின் பின், துருக்கியின் கருங்கடற் கரையிலுள்ள ரிசே மலைச்சரிவுத் தேயிலையிற் சீசியம் காணப்பட்டது. அந்நாட்டின் தொழில் வர்த்தக அமைச்சராயிருந்த ஜாஹித் அரால், செய்தியாளர் முன்னிலையில் தேநீர் அருந்தி மக்களின் அச்சத்தைப் போக்க முயன்றார். ஆயினும் ஏறத்தாழ 58,000 தொன் தேயிலை ஈற்றில் அழிக்கப்பட வேண்டியதாயிற்று. அளவுக்கருவி பேசவேண்டிய இடத்தில் ஓர் அமைச்சரின் கோப்பை பேசியது; துருக்கிய மக்கள் இதனை இன்றும் மறந்திலர்.

இரண்டாவது சோதனை 2011 மார்ச்சில் யப்பானின் புக்குஷிமா விபத்தோடு வந்தது. அங்கிருந்து ஏறத்தாழ 360 கிலோமீற்றர் தூரத்திலுள்ள ஷிசுவோக்கா தேயிலையில் அப்பருவத்து முதற்கொழுந்திலேயே சீசியம் தோன்றியது. அவ்வாண்டு யூனில் பாரிஸ் விமான நிலையத்தில் நிறுத்தப்பட்ட ஷிசுவோக்கா தேயிலையில், கிலோகிராமுக்கு 500 பெக்கரல் என்னும் எல்லையை மீறி 1,038 பெக்கரல் பதிவாயிற்று. விபத்து நிகழ்ந்த வேளையில் அக்கொழுந்து அரும்பியிருக்கவில்லை என்பதே இதிலுள்ள புதிர். யப்பானிய ஆய்வாளர் அதனை விடுவித்தனர். தூசு முதலிற் படிந்தது சென்ற ஆண்டின் முதிர்ந்த இலையில். அவ்விலையினூடே உட்புகுந்த சீசியம், செடி தளிர்க்கும்போது புதிய கொழுந்துக்கு நகர்ந்தது. வேரும் மண்ணும் அதில் ஆற்றிய பங்கு சிறிது. ஆகவே மண்ணைச் சோதித்தவர்க்குத் தெரியாத உண்மை, முதிரிலையைச் சோதித்தவர்க்குத் தெரிந்தது. அவர்கள் கண்ட பரிகாரமும் வியப்புக்குரியது. முதிரிலைப் பரப்பை வெட்டி நீக்குவதே அது. மலையகத்தில் அதற்குப் பெயர் கவ்வாத்து.

எதனை அளப்பது என்னும் வழக்கும் அப்பொழுது எழுந்தது. நாலரைக் கிலோ அளவு பச்சைக் கொழுந்து வாடி உலர்ந்து ஒரு கிலோ தேயிலையாகிறது. ஆகவே பச்சையில் எல்லைக்குள் நின்ற அளவு, உலர்ந்தபின் எல்லையை மீறும்; சுடுநீரிற் சாறிறங்கியபின் மீண்டும் குறையும். யப்பானிய அரசு முதலில் உலர்ந்த தேயிலைக்கும் 500 பெக்கரல் எல்லையையே விதித்து உற்பத்தியாளரின் எதிர்ப்பைச் சந்தித்தது. 2012 ஏப்ரல் முதல், அருந்தும் நிலையிலுள்ள தேநீருக்குக் கிலோகிராமுக்கு 10 பெக்கரல் என்னும் விதியை வகுத்தது. அருந்துவோர் நோக்கில் இவ்விதி செம்மையானது. ஆனால் கொழுந்தைக் கிள்ளுவோரின் விரல் எந்த நிலையிலுள்ள தேயிலையைத் தொடுகிறது என்னும் வினா அவ்விதியின் எல்லைக்கு அப்பாற்பட்டது. கருப்பொருளுள் உணா கணக்கில் வந்தது, செய்தி வரவில்லை.

உரிப்பொருள்: கணக்கில் வரும் மனிதன்

கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான சர்வதேச ஆணைக்குழு 1975இல் வெளியிட்ட அறிக்கையில் ‘நியம மனிதன்’ ஒருவன் வரையறுக்கப்பட்டான். அவன் 20 முதல் 30 வயதுக்குட்பட்டவன்; 70 கிலோகிராம் நிறையும் 170 சென்ரிமீற்றர் உயரமும் உடையவன்; 10 முதல் 20 பாகை செல்சியஸ் வரையான வெப்பநிலையில் வாழ்பவன்; வெள்ளையினத்தவன்; வாழிடத்தாலும் பழக்கத்தாலும் மேற்கு ஐரோப்பியன் அல்லது வட அமெரிக்கன். கணிப்புக்குப் பொது அளவொன்று வேண்டும் என்பது மறுக்கமுடியாதது. 1998இல் ஆசிய மனிதனுக்குரிய தரவுகள் தொகுக்கப்பட்டதும், 2002இல் இருபாலார்க்கும் குழந்தை முதல் வயதுவந்தோர் வரையான ஆறு பருவங்களுக்கும் தனித்தனி அளவுகள் தரப்பட்டதும் வரவேற்கத்தக்க திருத்தங்கள். ஆயினும் உடலின் அளவு திருத்தப்பட்ட அளவுக்கு நாளின் அளவு திருத்தப்படவில்லை.

திம்புள்ள மலையில் கொழுந்தெடுக்கும் பெண்ணின் நாளை இதற்கு எதிர்வைத்துப் பார்க்கலாம். காலையில் மலைக்கு ஏறுகிறாள். இடுப்பில் படங்கு, முதுகிற் கூடை. நனைந்த செடிகளினூடே, அவற்றின் முதிரிலைகள் இடுப்பிலும் கையிலும் உரச, நிரைநிரையாக நகர்கிறாள். மழை பெய்தாலும் வேலை நிற்பதில்லை. நின்றாற் கூலி குறையும். ‘வீட்டினுள் இருங்கள், கதவுகளைச் சாத்துங்கள்’ என்பது அணுவிபத்தின்போது பொதுமக்களுக்கு வழங்கப்படும் முதல் அறிவுரை. நாட்சம்பளத்துக்கு உழைப்போரும், தகரக் கூரையும் இடைவெளியுள்ள கதவும் கொண்ட லயத்தில் வாழ்வோரும் அவ்வறிவுரையை எவ்வாறு கைக்கொள்வர்? கூரையில் விழும் நீரையும் மலையூற்று நீரையும் குடிப்போருக்கு எந்த நீரை விலக்குக என்று சொல்வது? பரவல் மாதிரி இவ்வினாக்களுக்கு விடை தரவேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று. ஆனால் அம்மாதிரியை ஆதாரமாகக் கொண்டு எழுதப்படும் பாதுகாப்புத் திட்டம் இவற்றை எழுப்பாது விடுமாயின், அது குறையுடைய நூலேயாகும்.

அறிவு இருந்தும் சென்றடையாத நிலைக்குப் புக்குஷிமாவே சான்று. யப்பானிடம் ‘ஸ்பீடி’ என்னும் பரவற்கணிப்பு முறைமை இருந்தது. அதன் முதற்படம் விபத்து நிகழ்ந்து பன்னிரண்டு நாட்களின் பின், மார்ச் 23இலேயே பகிரங்கப்படுத்தப்பட்டது. அதற்கிடையில் நாமியே நகரத்தவர் பலர், பாதுகாப்பு நாடித் தூசுத்திரள் சென்ற திசையிலேயே இருந்த சுஷிமாப் பகுதிக்கு இடம்பெயர்ந்து தங்கியிருந்தனர். மலையகமும் இத்தகைய துயரை வேறு வடிவில் அறியும். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிந்து லயங்களை மூடியது. அந்நிலம் ஆபத்தானது என்று பல ஆண்டுகளுக்கு முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை கடதாசியில் இருந்தது. மாறிச் செல்ல மக்களுக்கு மாற்று நிலம் இருக்கவில்லை.

நிரப்பத்தக்க இடைவெளி

இத்துறை நின்ற இடத்திலேயே நிற்கவில்லை என்பதனையும் நடுநிலையோடு கூறுதல் வேண்டும். இன்றைய மாதிரிகள் ஆயிரக்கணக்கான கற்பனைத் துணிக்கைகளைக் காற்றோடு அனுப்பி ஒவ்வொன்றையும் பின்தொடர்கின்றன. மழையால் இறங்குவதையும் கணக்கிடுகின்றன. சில கிலோமீற்றர் அளவான சதுரங்களிலும் கணிக்க வல்லன. இயற்கைக் கதிரியக்கமே காற்றின் வழியறிய உதவும் என்பதையும் நம் அயலிலிருந்தே கற்கலாம். பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானி ராமா, நிலத்திலிருந்து கசிந்து 3.8 நாள் அரைவாழ்வுக்காலம் கொண்ட இரேடன் வாயுவை அளந்து, பருவக்காற்று கடலிலிருந்து வருவதா நிலத்திலிருந்து வருவதா என்பதைப் பிரித்தறியும் முறையை 1970இல் வெளியிட்டார். கருவிகள் உள; அவற்றை எந்நிலத்தில் ஊன்றுவது என்பதே வினா.

அவ்வினா திம்புள்ளவுக்கு வெறுங் கற்பனையன்று. தமிழ்நாட்டின் கூடங்குளத்தில் முதலாவது உலை 2013 யூலையில் இயங்கத் தொடங்கிற்று. அங்கிருந்து திம்புள்ளவுக்கு நேர்கோட்டில் ஏறத்தாழ 350 கிலோமீற்றர். புக்குஷிமாவுக்கும் ஷிசுவோக்காவுக்கும் இடையேயுள்ள தூரம் ஏறக்குறைய இதுவே. இதனால் ஆபத்து அண்மித்துவிட்டது என்று முடிபுகொள்ளுதல் தவறு. வடகீழ்ப் பருவத்தில் காற்று பெரும்பாலும் இலங்கையை விட்டு விலகியே வீசும். தென்மேற்குப் பருவத்திலோ மேற்குக் காற்று ஓங்கியிருக்கும். மேற்குச் சரிவில் மழையும் ஓங்கியிருக்கும். தூரத்தை மட்டும் நோக்கி அஞ்சுதலும், தூரத்தை மட்டும் காட்டி அச்சத்தைத் தணித்தலும் ஒரே குறையின் இரு வடிவங்களே. பொழுதும் நிலமும் சேர்ந்தே விடையளிக்கும்.

அவ்விடைக்கு வேண்டிய தரவுகளிற் பல மலையகத்திலேயே கிடக்கின்றன. தோட்டங்கள் தலைமுறை தலைமுறையாக நாள்தோறும் மழையை அளந்து குறித்துவந்திருக்கின்றன. எந்த மலையில் எப்போது கவ்வாத்து என்னும் பதிவு உண்டு. இலை எவ்வளவு நேரம் நனைந்திருக்கும் என்பதைக் கொப்புள நோய் ஆராய்ச்சி அறுபது ஆண்டுகளுக்கு முன்னரே கேட்டுவைத்தது. பனி எந்தப் பள்ளத்தில் நெடுநேரம் தங்கும் என்பது கொழுந்தெடுப்போர் அனைவரும் அறிந்தது. இவற்றைப் பரவற்கணிதத்தோடு இணைத்து, விளைவைத் தோட்டத்து மக்களின் மொழியிலேயே அவர்கள் கைக்கொள்ளத்தக்க அறிவுரையாக எழுதும் ஆய்வே திம்புள்ளவுக்கு உரிய ஆய்வாகும். கம்பிரியாவின் பண்ணையாளரிடம் கேட்கத் தவறியதற்கு இருபத்தாறு ஆண்டுகள் விலையாயின. மலையகத்திலே அக்கேள்வி விபத்துக்கு முன்னரே கேட்கப்படுமாயின், காற்றின் கணக்கோடு கொழுந்தின் கணக்கும், அதைக் கிள்ளும் கையின் கணக்கும் ஒரே ஏட்டிற் பதிவாகும்.